அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு: இரண்டு மாநில வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது எப்படி?

நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் பாத் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நியூயார்க்கின் மன்ஹாட்டன் போய்விடலாம். ஹட்சன் ஆறு தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். நாம் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குள் நுழைந்தது நமக்கே தெரியாது. அது தெரியவருவது ஜனவரி முடிந்து, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் நிறுவனம் காட்டும் டபிள்யூ-2 படிவம் கைக்கு வரும்போதுதான். அதன் கீழ்ப்பகுதியில் என்ஒய் (நியூயார்க்) என்று ஒரு வரிசை, என்ஜே (நியூஜெர்சி) என்று இன்னொரு வரிசை, இரண்டிலும் முழுச் சம்பளம். ஒரு லட்சம் டாலர் வாங்கியவருக்கு இரண்டு லட்சம் வாங்கியதுபோலத் தோன்றும். அன்று இரவு தூக்கம் வராது.

எனக்கும் வரவில்லை. நியூஜெர்சியின் எடிசனில் குடியேறிய முதல் வருடம் பதற்றத்தில் நியூஜெர்சிக் கணக்கை முதலில் முடித்தேன். நியூயார்க் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். விளைவு, ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலங்களுக்கும் முழு வரி கட்டினேன். அடுத்த ஆண்டுதான் தவறு புரிந்தது. என்ஜே-1040எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தை அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற்றேன். மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டால் கிடைக்கும் என்பது அப்போது தெரிந்துகொண்டதுதான். அந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் மனத்தில் பதிந்தது: இரண்டு மாநிலங்களுக்குக் கணக்குக் கொடுப்பது வேறு, இரண்டு மாநிலங்களுக்கும் முழு வரி கட்டுவது வேறு. நடுவில் இருப்பது படிவங்களை நிரப்பும் வரிசை.

இந்தக் கட்டுரை நியூஜெர்சியில் வசித்து நியூயார்க்கில் சம்பளம் வாங்குபவர்களுக்காக எழுதப்பட்டது. வேறு மாநில இணைகளில் இருப்பவர்களுக்கும் முறை பெரும்பாலும் இதுவே. படிவங்களின் பெயர்கள்தான் மாறும்.

அடிப்படை விதி

வேலை செய்யும் மாநிலம், தன் எல்லைக்குள் ஈட்டிய வருமானத்துக்கு மட்டும் வரி கேட்கும். வசிக்கும் மாநிலம், நீங்கள் உலகில் எங்கே ஈட்டினாலும் எல்லாவற்றுக்கும் வரி கேட்கும். அதே சம்பளத்துக்கு முன்னதிடம் கட்டிவிட்டால் பின்னது அதைக் கழித்துக்கொள்ளும். இந்தக் கழிப்புக்குத்தான் கிரெடிட் என்று பெயர். இது மாநிலங்கள் கருணையோடு தரும் சலுகை மட்டுமன்று. மேரிலாந்து மாநிலம் தன் கவுன்டி வரிக்கு இந்தக் கிரெடிட்டைத் தர மறுத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் வின் வழக்கில் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இதன் நடைமுறைப் பொருள்: இரண்டு மாநிலங்களில் எதன் வரி அதிகமோ, ஏறக்குறைய அந்த அளவு வரி உங்களிடமிருந்து போகும். இரண்டையும் கூட்டி யாரும் வாங்க முடியாது.

உங்களுக்கு இந்த வேலையே தேவையில்லாமலும் இருக்கலாம்

படிவத்தைத் தொடுமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, இரண்டில் ஒரு மாநிலத்தில் சம்பளத்துக்கு வரியே இல்லையா? டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, நியூஹாம்ப்ஷயர், வயோமிங், தெற்கு டகோட்டா, அலாஸ்கா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் வீடு, ஆற்றைத் தாண்டி ஓரிகனின் போர்ட்லண்டில் வேலை என்றால் ஓரிகனுக்கு மட்டும் கணக்குக் கொடுத்தால் போதும். வீட்டில் வரி இல்லை என்பதற்காக ஓரிகன் விட்டுவிடாது. இதையே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்: போர்ட்லண்டில் வசித்து வாஷிங்டனில் வேலை பார்த்தாலும் ஓரிகன் முழுச் சம்பளத்துக்கும் வரி வாங்கும். வரியில்லாத மாநிலத்தில் வசிப்பதில்தான் லாபம். வேலை மட்டும் அங்கே இருந்து பயனில்லை.

இரண்டு, இரு மாநிலங்களுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறதா? நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இருக்கிறது. நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில் வசித்து ஃபிலடெல்பியாவில் வேலை செய்பவரின் சம்பளத்துக்கு பென்சில்வேனியா மாநிலம் வரி கேட்காது. நியூஜெர்சி மட்டுமே கேட்கும். வேலையில் சேரும்போதே ரெவ்-419 என்ற படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுத்துவிட்டால் அந்தப் பிடித்தமே இருக்காது. ஆனால் ஃபிலடெல்பியா நகரத்தின் சம்பள வரி தனி. அது ஒப்பந்தத்துக்குள் வராது. அதைப் பிடித்தே தீருவார்கள், அதற்கு நியூஜெர்சியில் கிரெடிட் கேட்டுக்கொள்ளலாம். மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் டிசி மூன்றுக்கும் இடையில் இப்படி ஏற்பாடு உண்டு. இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு விஸ்கான்சின், மிச்சிகன், அயோவா, கென்டக்கி ஆகியவற்றுடன் உண்டு.

நியூயார்க்குக்கு யாருடனும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு நீளமான கட்டுரை.

முதல் படி: நீங்கள் எந்த மாநிலத்துக்காரர்?

இந்தக் கேள்விக்குப் பலர் விசாவைக் காட்டிப் பதில் சொல்வார்கள். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவா, வேலைக்கான எச்-1பியா என்பது மத்திய (ஃபெடரல்) வரிக்கு முக்கியம். மாநிலத்துக்கு அது வேறு கணக்கு. உங்கள் நிலையான வீடு எங்கே, வெளியே போனால் எங்கே திரும்பி வருகிறீர்கள், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எங்கே என்பதைத்தான் மாநிலம் பார்க்கும்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. நியூஜெர்சியில் குடும்பத்தோடு இருந்துகொண்டே, வார நாட்களில் தங்குவதற்காக மன்ஹாட்டனில் ஒரு சின்ன அடுக்கக வீட்டை ஆண்டு முழுக்க வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீடும் இருந்து, ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் நியூயார்க் மண்ணில் கால் வைத்தால் நியூயார்க் உங்களைத் தன் குடியிருப்பாளராகவே எடுத்துக்கொள்ளும். பொதுவாக நாளில் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளாக எண்ணுவார்கள். அலுவலகத்துக்குப் போகும் நாட்களே 200-ஐத் தாண்டும் என்பதால் அந்த இரண்டாவது வீட்டை எடுக்குமுன் யோசியுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற கதை ஆகிவிடும். வீடு நகரத்துக்குள் என்பதால் நியூயார்க் நகர வரியும் சேர்ந்துகொள்ளும்.

தினமும் ரயிலில் போய் வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் வாங்கிவந்த வரியை நியூயார்க் நகரம் 1999-இலேயே இழந்துவிட்டது. வேலை மட்டும் நகரத்தில் என்றால் நகர வரி இல்லை. யான்கர்ஸ் நகரத்தில் வேலை செய்தால் மட்டும் அரை சதவீத வரி ஒன்று உண்டு.

இரண்டாம் படி: டபிள்யூ-2-ஐப் பயமில்லாமல் படிப்பது

15-ஆம் கட்டத்தில் மாநிலத்தின் பெயர், 16-இல் அந்த மாநிலத்துக்கான சம்பளம், 17-இல் பிடித்த வரி. நியூயார்க்கில் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் 16-ஆம் கட்டத்தில் மத்திய வரிக்காகக் காட்டும் உங்கள் முழுச் சம்பளத்தையும் எழுத வேண்டும் என்பது அந்த மாநிலம் நிறுவனங்களுக்கு இட்டிருக்கும் விதி. அதனால்தான் தொகை இரட்டிப்பாகத் தெரிகிறது. அது பிழை இல்லை. நிறுவனத்திடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

நியூஜெர்சிக்கான தொகை பெரும்பாலும் 1-ஆம் கட்டத்தில் இருக்கும் மத்தியத் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இதுவும் பிழை இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்காகச் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் கழிக்கும் பணத்தை நியூஜெர்சி கழிவாக ஏற்பதில்லை. எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடும் பணமும் அப்படியே. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் ஏற்கிறது.

மூன்றாம் படி: மத்தியக் கணக்கு

இதை முதலில் முடித்துவிடுங்கள், ஆனால் அனுப்ப அவசரப்படாதீர்கள். இரு மாநிலப் படிவங்களும் இதிலிருந்துதான் எண்களை எடுக்கும். திருமணமானவர்கள் மத்தியத்தில் சேர்ந்து தாக்கல் செய்தால் மாநிலத்திலும் பொதுவாகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும். கணவன் எடிசனிலேயே வேலை, மனைவி மன்ஹாட்டனில் வேலை, இருவரும் நியூஜெர்சிவாசிகள் என்றாலும் நியூயார்க் படிவத்தில் இருவர் பெயரும் வரும். கணவனின் சம்பளத்துக்கு நியூயார்க் நேரடியாக வரி போடாது. ஆனால் அது வரி விகிதத்தை உயர்த்தும். எப்படி என்று அடுத்துப் பார்ப்போம்.

நான்காம் படி: நியூயார்க்கின் ஐடி-203

வெளிமாநிலத்தவருக்கான படிவம் இது. எண்கள் இரண்டு நெடுவரிசைகளில் போகும். இடது பக்கம் உங்கள் மொத்த மத்திய வருமானம், வலது பக்கம் அதில் நியூயார்க்கில் ஈட்டிய பகுதி. எல்லா வருமானமும் நியூயார்க்கில் ஈட்டியதுபோல முதலில் வரியைக் கணக்கிட்டு, பிறகு வலப்பக்கத் தொகை இடப்பக்கத் தொகையில் எத்தனை பங்கோ அந்தப் பங்கால் பெருக்குவார்கள். வீட்டில் இன்னொருவர் சம்பாதிப்பதும் வங்கி வட்டியும் நியூயார்க் வரியைக் கொஞ்சம் ஏற்றுவது இதனால்தான்.

வலது நெடுவரிசையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வங்கி வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்ற லாபம் ஆகியவை வசிக்கும் மாநிலத்தைச் சேர்ந்தவை. அவற்றை நியூயார்க் பக்கம் எழுதாதீர்கள். வரித் தாக்கல் மென்பொருள் சில நேரம் தானாக எழுதிவிடும், பார்த்து அழியுங்கள். ஆனால் நிறுவனம் சம்பளத்தின் பகுதியாகத் தரும் பங்குகள் அப்படியில்லை. அவை சம்பளமே. வழங்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை எத்தனை வேலைநாள் நியூயார்க்கில் என்ற விகிதத்தில் அவை பிரியும்.

சம்பளத்தை எப்படிப் பிரிப்பது? முழுவதும் நியூயார்க்கில் வேலை என்றால் பிரிக்க ஒன்றுமில்லை. வெளியே வேலை செய்த நாட்கள் இருந்தால் ஐடி-203-பி என்ற துணைப் படிவத்தில் நாட்களை எண்ண வேண்டும். உதாரணமாக, ஆண்டின் 365 நாட்களில் சனி, ஞாயிறு 104. அரசு விடுமுறை 10, உடல்நலக் குறைவு 5, விடுப்பு 20. இவற்றைக் கழித்தால் 226 வேலைநாட்கள். அதில் 10 நாட்கள் நிறுவனமே உங்களை டாலஸ் வாடிக்கையாளரிடம் அனுப்பியது. மிச்சம் 216. ஒரு லட்சம் சம்பளத்தில் 226-க்கு 216 என்ற விகிதப்படி 95,575 டாலர் மட்டுமே நியூயார்க்கைச் சேரும்.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி: "நான் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேனே, அந்த நாட்கள் நியூஜெர்சி நாட்கள்தானே?"

இல்லை. நியூயார்க்கின் புகழ்பெற்ற, அதைவிட அதிகமாகத் திட்டு வாங்கிய விதி இதுதான். நிறுவனத்தின் அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, நீங்கள் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த நாளும் நியூயார்க் நாளே. நிறுவனத்தின் கட்டாயத் தேவையால் வெளியே வேலை செய்த நாள் மட்டுமே நியூயார்க்குக்கு வெளியே செய்த நாளாக எண்ணப்படும். வீட்டிலுள்ள மேசையை நிறுவனத்தின் உண்மையான அலுவலகம் என்று காட்டவும் வழி உண்டு. அதற்கான நிபந்தனைகளை மாநில வரித்துறை 2006-இல் ஒரு குறிப்பாணையில் வெளியிட்டது. படித்துப் பாருங்கள். மடிக்கணினியும் நல்ல நாற்காலியும் இருப்பவர் அதில் தேறுவது கடினம்.

இதை எதிர்த்துப் பெரிய ஆட்களே தோற்றிருக்கிறார்கள். எட்வர்ட் செலின்ஸ்கி மன்ஹாட்டனில் உள்ள கார்டோசோ சட்டக் கல்லூரியின் பேராசிரியர். வரிச் சட்டம்தான் அவருடைய துறை. கனெக்டிகட்டில் உள்ள தன் வீட்டில் எழுதிய, படித்த நாட்களுக்கு நியூயார்க் வரி கேட்கக் கூடாது என்று வழக்குத் தொடர்ந்தார். 2003-இல் மாநிலத்தின் உச்ச மன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வரிச் சட்டப் பேராசிரியரே வெல்லாத இடத்தில் நாம் தைரியமாக எண்பது நாட்களைக் கழித்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வட்டியோடு நோட்டீஸ் வாங்குவது தேவையில்லாத வேலை. நியூஜெர்சியும் சும்மா இருக்கவில்லை. இப்படி விதி வைத்திருக்கும் மாநிலத்தவர்கள் தன் நிறுவனங்களுக்கு வேலை செய்தால், அவர்கள்மீது அதே விதியைத் திருப்பிப் போடும் சட்டத்தை 2023-இல் கொண்டுவந்தது. நமக்கு அதனால் நேரடி லாபம் இல்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் கிளை உண்டு. டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். இரண்டு வாரம் விடுப்பு, மேலும் இரண்டு வாரம் கோயம்புத்தூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து இரவு நேர வேலை. விடுப்பு நாட்கள் வேலைநாட்களிலேயே சேராது, அவை பிரச்சினை இல்லை. மாடியில் வேலை செய்த அந்தப் பத்து நாட்கள்? நிறுவனம் அனுப்பவில்லை, நீங்களாகப் போனீர்கள். எனவே அவையும் நியூயார்க் நாட்களே. அம்மா கையால் காபி குடித்துக்கொண்டே செய்த வேலைக்கும் நியூயார்க்கின் தலைநகரான ஆல்பனிக்குப் பங்கு போகும்.

நிறுவனத்துக்கு நியூஜெர்சியிலும் கிளை இருந்து உங்களை அங்கே சில நாட்கள் வேலை செய்யச் சொல்லியிருந்தால் அவற்றைக் கழிக்கலாம். நாட்காட்டி, பயணச் சீட்டு, மேலாளரின் மின்னஞ்சல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கேட்பார்கள்.

ஐந்தாம் படி: நியூஜெர்சியின் என்ஜே-1040

இப்போது வீட்டுக்கு வருவோம். இதில் எல்லா வருமானத்தையும் எழுத வேண்டும்: சம்பளம், வட்டி, இந்திய வங்கி வட்டி உட்பட. கடைசியில் என்ஜே-சிஓஜே என்ற அட்டவணை. மற்ற மாநிலத்துக்குக் கட்டிய வரிக்கான கிரெடிட் அங்கேதான் கிடைக்கும். நியூயார்க் கணக்கை முடிக்காமல் இதை நிரப்பவே முடியாது. நான் முதல் வருடம் விழுந்த குழி இதுதான்.

மூன்று எண்கள் வேண்டும். இரு மாநிலமும் வரி போட்ட வருமானம், நியூஜெர்சிக்கான மொத்த வருமானம், நியூயார்க்கின் இறுதி வரி. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து நியூஜெர்சி வரியால் பெருக்குங்கள். வருவதையும் மூன்றாவது எண்ணையும் ஒப்பிட்டு எது குறைவோ அதுதான் கிரெடிட்.

மூன்றாவது எண் எது என்பதில் கவனம் தேவை. டபிள்யூ-2-இன் 17-ஆம் கட்டத்தில் பிடித்திருக்கும் தொகையைப் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது முன்பணம் மட்டுமே. ஐடி-203 கணக்கிட்ட இறுதி வரியைத்தான் எழுத வேண்டும். நியூயார்க்கிலிருந்து ரீஃபண்ட் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்துக்கும் நியூஜெர்சியிடம் கிரெடிட் கேட்பது நியாயமா?

எண்களோடு பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு, தனிநபர், சம்பளம் ஒரு லட்சம், வேறு வருமானம் இல்லை, எல்லா நாட்களும் நியூயார்க். அங்கே நிலையான கழிவு 8,000 டாலர் போக 92,000-க்கு வரி 4,952. நியூஜெர்சியில் தனிநபர் விலக்கு 1,000 போக 99,000-க்கு வரி 4,180. (இரு மாநிலச் சம்பளமும் ஒன்றே என்று எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன்.) கிரெடிட் 4,180. நியூஜெர்சிக்குக் கட்ட வேண்டியது பூஜ்யம். மொத்தச் செலவு 4,952. பெரும்பாலோர் கதை இதுதான்.

இப்போது ஊரில் உள்ள என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் ஈட்டியதைப் போட்டு வைக்கும் இந்திய வங்கிக் கணக்கு) 2,000 டாலர் அளவுக்கு வட்டி வந்தது என்று வையுங்கள். இந்தியாவில் அதற்கு வரி இல்லை. அமெரிக்காவில் உண்டு, மத்தியத்திலும் மாநிலத்திலும். நியூயார்க்கில் மொத்த வருமானம் 1,02,000 என்று கணக்கிட்டு, அதன் வரி 5,072-ஐ 0.9804-ஆல் பெருக்கினால் 4,973. வட்டிக்கு வரி போடவில்லை என்று சொல்லிக்கொண்டே 21 டாலர் ஏறிவிட்டது. நியூஜெர்சியில் வரி 4,307. கிரெடிட் அதில் 102-க்கு 100 பங்கு, அதாவது 4,223. மிச்சம் 84 டாலர் கட்ட வேண்டும்.

இந்தியாவில் வரும் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கு வட்டியில் இந்திய வங்கி ஏற்கெனவே வரி பிடித்திருக்குமே என்று கேட்பீர்கள். மத்தியக் கணக்கில் அதற்குக் கிரெடிட் கேட்கலாம். நியூஜெர்சியில் கேட்க முடியாது. அந்த மாநிலம் பிற அமெரிக்க மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் கட்டிய வரியை மட்டுமே ஏற்கும், வெளிநாட்டு வரியை ஏற்காது. இந்த ஒரு விஷயத்தில் இரட்டை வரி உண்மையாகவே நடக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சொத்து வரி விதிக்கப்படும் வீடாக இருந்தால், நீங்கள் கட்டும் வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்து வரியாகக் கருதி வருமானத்திலிருந்து கழிக்க நியூஜெர்சி அனுமதிக்கிறது. அல்லது அதற்குப் பதிலாக 50 டாலர் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணமாகக் கழிவுதான் லாபம். ஆனால் நியூயார்க் கிரெடிட்டால் உங்கள் நியூஜெர்சி வரி ஏற்கெனவே கரைந்துவிட்டதே! மேலே சொன்ன உதாரணத்தில் மாத வாடகை 2,000 என்றால் 4,320 டாலரைக் கழிக்கலாம். கழித்தால் 84 டாலர் 79 ஆகும், ஐந்து டாலர்தான் மிச்சம். 50 டாலர் கிரெடிட்டை எடுத்தால் 84 என்பது 34 ஆகிறது. வட்டியே இல்லாத முதல் உதாரணத்தில் அந்த 50 டாலர் கையில் வரும். படிவக் கையேட்டில் இதை ஒப்பிட ஒரு தனித்தாளே இருக்கிறது. மென்பொருள் சரியாகத் தேர்ந்தெடுத்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

மென்பொருளில் செய்பவர்களுக்கு

கட்டண மென்பொருள் எதுவானாலும் இரண்டு மாநிலங்களையும் சேர்த்தவுடன் எதை முதலில் செய்வது என்று சில நேரம் கேட்காது. அகர வரிசையில் என்ஜே முதலில் வந்து நிற்கும். அதைத் தொடாமல் நியூயார்க்கை முழுதாக முடித்துவிட்டு வாருங்கள். நியூயார்க்கில் பிறகு எந்த எண்ணை மாற்றினாலும் நியூஜெர்சிக்குத் திரும்பி வந்து கிரெடிட் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.

மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியா-ஓரிகன், கலிபோர்னியா-அரிசோனா போன்ற சில இணைகளில் வரிசை தலைகீழ். அங்கே வசிக்கும் மாநிலத்துக்கு முழு வரி கட்டிவிட்டு, வேலை செய்த மாநிலத்தின் படிவத்தில் கிரெடிட் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையை அங்கே அப்படியே பின்பற்றாதீர்கள்.

ஆறாம் படி: பணமும் தேதியும்

இரு மாநிலங்களுக்கும் ஏப்ரல் 15 கடைசி நாள். அவகாசம் கேட்டால் அக்டோபர் 15 வரை கிடைக்கும். ஆனால் அது படிவத்துக்கான அவகாசம், பணத்துக்கானது இல்லை. நியூயார்க்குக்கு ஐடி-370 என்ற தனி விண்ணப்பம் தேவை. நியூஜெர்சியில் வரியில் 80 சதவீதமாவது ஏப்ரல் 15-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நிறுவனம் நியூயார்க்குக்கு மட்டுமே பிடிக்கிறது, நியூஜெர்சிக்கு ஒரு காசும் பிடிக்கவில்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். சம்பளம் மட்டும் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே சரி. வீட்டில் இன்னொருவருக்கு நியூஜெர்சிச் சம்பளமோ, நிறைய வட்டியோ பங்கு லாபமோ இருந்தால் ஆண்டு முடிவில் நியூஜெர்சிக்குக் கட்ட வேண்டியது 400 டாலரைத் தாண்டலாம். அப்போது காலாண்டு முன்பணம் கட்டாவிட்டால் தண்டவட்டி வரும். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என நான்கு தவணை, ஒவ்வொன்றும் 15-ஆம் தேதி.

நியூயார்க்குக்கு வெளியே நிறைய நாட்கள் வேலை செய்பவர்கள் ஐடி-2104.1 என்ற படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுத்தால், நியூயார்க் பிடித்தத்தை அந்த விகிதத்துக்குக் குறைப்பார்கள். ரீஃபண்டுக்காக ஆறு மாதம் காத்திருப்பதைவிட இது நல்லது.

வருடத்தின் நடுவில் மாநிலம் மாறியவர்கள்

படிப்பு முடித்து மே மாதம் டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவர், ஜூனில் மன்ஹாட்டனில் வேலை. இவர் நியூஜெர்சிக்குப் பகுதியாண்டுக் குடியிருப்பாளர். என்ஜே-1040-இலேயே வந்த தேதியை எழுதி, அன்றிலிருந்து ஈட்டியதை மட்டும் காட்ட வேண்டும். டெக்சாஸில் மாநில வரி இல்லை என்பதால் அங்கே வேலையில்லை. நியூயார்க்குக்கு அதே ஐடி-203. வந்த தேதிக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

கிரெடிட் கேட்டவர்களிடம் நியூயார்க் படிவத்தின் நகலைக் கேட்டு நியூஜெர்சி கடிதம் அனுப்புவது சகஜம். அது குற்றச்சாட்டு இல்லை. ஐடி-203-இன் முழு நகலையும் டபிள்யூ-2-ஐயும் குறித்த நாளுக்குள் அனுப்பினால் பெரும்பாலும் முடிந்துவிடும். நியூயார்க் பிறகு உங்கள் வரியை மாற்றினால், கூட்டினாலும் குறைத்தாலும், நியூஜெர்சிக்கும் திருத்தப் படிவம் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் கணக்குகள். அந்தக் கடிதத்தில் குறித்த நாள் பெரும்பாலும் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.